நான்காம் எண்ணில் உட்காருவது யார்

பிரிக்பீல்ட்ஸ்,
22 ஆகஸ்டு 1999, ஞாயிறு

அலோர் ஸ்டாரில் பல் டாக்டர் அம்மாவுக்கு வலது கையாக விளங்கும் என் மருமகள் கெர்ட்டிக்கு,

மாதா புண்ணியத்தில் உன் வாலண்டைன் மாமா சிங்கம் மாதிரி இருக்கிறேன். உன் மணிக்கட்டு கூடிவிட்டதா? உன் புருஷன் பேசிலை விட்டு வந்த அன்று வீங்கின கையோடு உன்னைப் புடுராயா பஸ் நிலையத்தில் பஸ் ஏற்றிவிட்டவன், நீ எங்கே இருக்கிறாய் என்று இன்று வரை ஒரு ஈக்குக்கூடச் சொல்லவில்லை. போலீஸ் கமிஷனரே வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன். அவர் கேட்கவில்லை, அது வேறு.

இமெயில் இருக்க எதற்கு ஸ்டாம்பு என்று கேட்பாய். இமெயிலைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதில் எழுதினால் அவள் படித்துவிடுவாள்.

கடையில் இப்போது ஐந்து கம்ப்யூட்டர். பிரிக்பீல்ட்ஸுக்கு இன்டர்நெட்டைக் கொண்டுவந்தவனே நான்தான் என்று ஊரில் பேச்சு. நான் மறுப்பதில்லை. மூலையில் காற்றாடிக்குக் கீழே இருக்கும் நான்காம் எண் எனக்கென்று வைத்துக்கொண்டது. புதிதாக வந்த இமெயில் தடித்த எழுத்தில் நிற்கும், திறந்து படித்துவிட்டால் மெலிந்துபோகும், இல்லையா? ஒரு மாதமாக நீ அனுப்புவது எல்லாம் நான் தொடுவதற்கு முன்பே மெலிந்து கிடக்கிறது.

இன்னும் கேள். மேலே முகவரி அடிக்கிற கட்டத்தில் ஒரே ஓர் எழுத்தைத் தட்டினேன். அலோர் ஸ்டார் பஸ் நேரம், அலோர் ஸ்டார் வரைபடம், அலோர் ஸ்டார் பல் கிளினிக்குகள் என்று கீழே வரிசையாக விழுகிறது. நான் தேடினதே இல்லை. திறந்து பார்த்தால் நீலமாக இருக்க வேண்டிய எழுத்தெல்லாம் ஊதா. முன்னாலேயே ஒருவர் போய் வந்த இடம்தான் ஊதாவாகுமாம்.

உன் அத்தை சாந்தமேரி உயிரோடு இருந்த வரைக்கும் எனக்கு வரும் கடிதத்தை அவள்தான் முதலில் பிரிப்பாள். நாலாம் வகுப்போடு நின்றவனுக்குப் படித்துச் சொல்கிறேன் என்பது சாக்கு. மண்ணுக்குள் வைத்துப் பத்து மாதம் ஆகிறது, பழக்கம் விடவில்லை. பெற்றவள் இல்லாத உன்னை வளர்த்தவள், உன்னைத் தேடாமல் வேறு யாரைத் தேடுவாள்? பயப்படாதே. நானே பயப்படவில்லை. காலையில் கடையைத் திறந்ததும் நான்காம் எண்ணைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் மற்றதைத் தட்டுகிறேன்.

உன் அன்பு மாமா,
எஸ். வாலண்டைன்


அலோர் ஸ்டார்,
30.8.1999

அன்புள்ள மாமா,

கடிதம் கிடைத்தது. கிளினிக்கில் நின்றபடியே படித்தேன். வழக்கமாக நீங்கள் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் எடுத்துக்கொள்வேன். இந்தத் தடவை கழிக்கத் தைரியம் வரவில்லை.

மாமா, அது அத்தை இல்லை. யாரோ உங்கள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து என் கடிதங்களைப் படிக்கிறார்கள். உங்கள் பாஸ்வேர்டை அந்த மெஷின் ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறது. யார் உட்கார்ந்தாலும் உங்களுக்குத் திறக்கிற மாதிரியே அவர்களுக்கும் திறக்கும். எங்கெங்கே போனோம் என்பதையும் அது எழுதி வைத்துக்கொள்ளும். அதனால்தான் ஒரு எழுத்தைத் தட்டினால் மீதி வருகிறது.

டாக்டர் அம்மாவின் தம்பியிடம் கேட்டு எழுதுகிறேன், அப்படியே செய்யுங்கள். மேலே 'டூல்ஸ்' என்று இருக்கும். அதில் கடைசியாக 'இன்டர்நெட் ஆப்ஷன்ஸ்'. அங்கே 'கிளியர் ஹிஸ்டரி' என்பதை அமுக்குங்கள். பக்கத்தில் எத்தனை நாள் ஞாபகம் வைக்க வேண்டும் என்று ஓர் எண் இருக்கும், அதைப் பூஜ்யம் ஆக்குங்கள். பிறகு 'கன்டென்ட்' என்ற பக்கத்துக்குப் போய் 'ஆட்டோகம்ப்ளீட்'டைத் திறந்து 'கிளியர் பாஸ்வேர்ட்ஸ்'. அங்கே சரி போட்டிருக்கும் கட்டங்களில் எல்லாம் சரியை எடுத்துவிடுங்கள். கடைசியில் பாஸ்வேர்டையே மாற்றுங்கள். புதியதை எங்கேயும் எழுதி ஒட்டாதீர்கள். ஐந்து மெஷினிலும் செய்யுங்கள், முதலில் நான்காவதில்.

நான் இனி இமெயில் அனுப்ப மாட்டேன். நீங்களும் அனுப்பாதீர்கள். நான்காம் எண்ணில் யார் யார் உட்காருகிறார்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

கை பரவாயில்லை. பஸ்ஸில் எனக்குப் பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வேறு பஸ் பிடிக்கிறேன். மற்றபடி சுகம்.

உங்கள்,
கெர்ட்டி


பிரிக்பீல்ட்ஸ்,
9 செப்டம்பர் 1999

வடக்கே இருந்துகொண்டு என்னை மிரட்டும் மருமகளுக்கு,

திங்கட்கிழமையே எல்லாவற்றையும் துடைத்துவிட்டேன். நீ ஆறு படி எழுதினாய், நான் ஒன்பது படி செய்தேன். கணினி படித்த பையன் ஒருத்தன் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "அங்கிள், நீங்க எந்த யூனிவர்சிட்டியில படிச்சீங்க லா?" என்று கேட்டான். நான் வேலை பார்த்த ரயில்வே யூனிவர்சிட்டி என்றேன்.

நான்காம் எண்ணில் உட்காருவது நானும் வீட்டு ஆட்களும்தான். வெளி ஆள் கிடையாது. அப்படிப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பேசில் வருவான். கோபப்படாதே. கிள்ளானிலிருந்து ரயில் ஏறி, கையில் குவே பலகாரப் பொட்டலத்தோடு வந்து, "மாமா, அவ எங்க இருந்தாலும் நல்லா இருந்தா போதும்" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். மூஞ்சியைப் பார்த்தால் உனக்கே மனசு இளகும். வேலைக்கு விண்ணப்பம் தேட வேண்டும் என்றான், மூலையில் உட்கார் என்றேன். நான் அவனுக்குத் தே தாரிக் டீ கலக்க உள்ளே போவேன், பழைய பழக்கம். இதில் கவனிக்க வேண்டியது என் வாயை. எதிரில் உட்கார்ந்து அழுகிறான், நான் ஒரு சொல் கசிய விடவில்லை. ரகசியம் காப்பதற்குப் பதக்கம் கொடுத்தால் எனக்கு இரண்டு கொடுக்க வேண்டும்.

அத்தையின் பட்டியல் இப்போது பதினேழு வரி ஆகிவிட்டது. நேற்றுப் பார்த்தேன், உன் கிளினிக் இருக்கும் தெருவின் பேரே வந்துவிட்டது. எவ்வளவு ஆசை பார் அவளுக்கு.

மாமா


அலோர் ஸ்டார்,
17.9.1999

மாமா,

துடைத்திருந்தால் பட்டியல் இருந்திருக்காது. பதினேழு வரி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஒன்றையுமே தொடவில்லை.

நான்காம் எண்ணில் உட்காருவது பேசில். நீங்கள் தே கலக்கும் ஐந்து நிமிடம் அவருக்குப் போதும். ஜூலையில் நான் எழுதியதிலிருந்து ஊர், ஆகஸ்டில் எழுதியதிலிருந்து பல் கிளினிக். பிறகு கிளினிக்குகளை ஒவ்வொன்றாகத் தேடியிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குப் போன் வந்தது. கெர்ட்ரூட் எந்தெந்த நாள் வேலைக்கு வருவாள் என்று ஓர் ஆண் குரல். நல்ல மரியாதையாகக் கேட்டாராம், டாக்டர் அம்மாவுக்கே பிடித்துப்போயிற்று. அந்த மரியாதை எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு என்ன வரும் என்றும் தெரியும். நேற்று எதிர்க் கடையில் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவராக இருக்காது. ஆனாலும் நான் மருந்து அலமாரிக்குப் பின்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்துகொண்டு ஒரு கிழவர் நாற்காலியில் எனக்காகக் காத்திருந்தார்.

இந்தக் கடிதம் உங்களிடம் சேரும்போது நான் இங்கே இருக்க மாட்டேன். எங்கே என்று எழுத மாட்டேன். இனி உங்களுக்கு எழுதவும் மாட்டேன். உங்களுக்குத் தெரிந்தது எதுவும் உங்களிடம் தங்காது, அது உங்கள் சுபாவம். உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரையை விடாதீர்கள்.

கெர்ட்டி


பிரிக்பீல்ட்ஸ்,
27 செப்டம்பர் 1999, திங்கள்

கெர்ட்டி,

இதை டாக்டர் அம்மாவுக்கு அனுப்புகிறேன். உன் புது இடம் தெரிந்தால் சேர்க்கட்டும். தெரியாவிட்டால் எரித்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

நான் துடைக்கவில்லை. நீ எழுதிய படியே முதலில் 'கிளியர் ஹிஸ்டரி' வரைக்கும் போனேன். எல்லாவற்றையும் அழிக்கவா என்று அது கேட்டது. அதோடு உன் அத்தை வருவது நின்றுவிடும் என்று நினைத்தேன். 'நோ' என்பதை அமுக்கிவிட்டு எழுந்துவிட்டேன். அந்த யூனிவர்சிட்டிப் பையனும் பொய்.

நேற்றுப் பேசில் வந்தான். தே கலக்கப் போகிறேன் என்று சொல்லி உள்ளே போய்த் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன். அழுது வீங்கின முகம் என்று நினைத்திருந்தேன் இல்லையா, நான் மறைந்ததும் அந்த முகம் துடைத்த மாதிரி ஆகிவிட்டது. ஒன்றுமே இல்லாத முகம். நேராக என் இமெயில் பெட்டியைத் திறந்தான், புதிதாக ஒன்றும் இல்லை என்றதும் நான் அனுப்பினதை எல்லாம் பார்த்தான். நான் வந்து கோப்பையை வைத்ததும் கண் கலங்கிற்று. "தேங்க்ஸ் மாமா, உங்கள விட்டா எனக்கு யாரு" என்றான். நானும் சிரித்தேன்.

அவன் எழுந்துபோன பிறகு நாற்காலி சூடாக இருந்தது. முன்பும் சூடாகத்தான் இருந்திருக்கும். நான்தான் வேறு என்னவோ என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று நாலு மெஷினைத் துடைத்தேன். நீ சொன்ன படி ஒவ்வொன்றும், இரண்டு தடவை. நான்காம் எண்ணை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன், பாஸ்வேர்டையும் மாற்றவில்லை. சனிக்கிழமை அதில் உட்கார்ந்து உனக்கு ஓர் இமெயில் எழுதுவேன். நீ திறக்க மாட்டாய் என்று தெரியும். மறுநாள் அவன் திறப்பான். வாழ்நாள் எல்லாம் சும்மா அளந்தவன், ஒரு தடவை உபயோகமாக அளக்கிறேன்.

அவள் மறுபடி ஒருமுறை செத்த மாதிரி இருக்கிறது. அதை உன்னிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

வாலண்டைன்


அனுப்புநர்: வாலண்டைன்
பெறுநர்: கெர்ட்ரூட்
2 அக்டோபர் 1999, சனி, காலை 10.40

டொரொண்டோ மாநகரம் சென்று சேர்ந்த என் செல்வ மருமகளுக்கு,

பிளேன் நல்லபடி இறங்கியதா? அலோர் ஸ்டாரிலிருந்து பஸ்ஸில் வந்து, நேராகச் சிப்பாங் விமான நிலையத்துக்கே போய், இந்த மாமாவுக்கு ஓர் அரை மணி நேரம்தான் கொடுத்தாய். அதுவும் கோட்டு வாங்கினதைப் பேசியே போய்விட்டது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பிளேன் புள்ளியாகப் போகும் வரை பார்த்தேன். பக்கத்தில் நின்ற ஒரு மலாய்க்கார அதிகாரி, "பாக்சிக், மகளா?" என்று கேட்டார். ஆமாம், கனடா அரசாங்கமே கூப்பிட்டு வேலை கொடுத்திருக்கிறது என்றேன். அவர் சல்யூட் அடிக்காத குறை.

தம்புசாமி அண்ணன் மகள் நல்லம்மாள் உன்னை வந்து அழைத்துப் போயிருப்பாள். அவள் வீட்டுக்காரர் ஆறரை அடி, அங்கே போலீஸில் பெரிய உத்தியோகம், நீ இருக்கும் மாடிக்குக் கீழேதான் அவர்கள் குடியிருப்பு. வாசலில் இரண்டு நாய். இனி மலேசியாப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டேன் என்று நீ சொன்னபோது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் சரி என்றேன். ஆறு வருஷ ஒப்பந்தம் என்றால் சும்மாவா?

இங்கே மழை. நேற்று மத்தியானம் மீன் குழம்பு வைத்தேன், உனக்குப் பிடித்த மாதிரி மாங்காய் போட்டு. அதிகமாகிவிட்டது.

பதில் எழுத உனக்கு நேரம் இருக்காது. எழுத வேண்டாம். இங்கே எல்லாரும் சுகம்.

மாமா