கண்ணில் பொட்டிட்ட குளிர்ப்பெட்டி

அருவி வற்றாத பனிவரை நாட்டை மேகக் குடையின் கீழ் ஆளும் மன்னர் குறிஞ்சிவேள் அவர்களின் திருமுன்புக்கு, செங்கானல் நாட்டுத் தாயரசி வடிவாம்பிகை எழுதும் ஓலை. தங்கள் மலைகளில் மூடுபனி நிலைக்க. தங்கள் ஆட்டு மந்தைகளுக்குப் புல் குறையாதிருக்க. தங்கள் தேவியாரின் முழங்கால் வலி தீர்ந்திருக்க. இங்கே யாவரும் நலம் என்றுதான் எழுத வேண்டும். கை வரவில்லை, சம்பந்தி.

தங்கள் திருமகள், எம் மருமகள் தண்மொழிக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. கத்திரி வெயில் பிறந்து பதினோரு நாளாயிற்று. பனியில் பிறந்த பிள்ளை. எம் ஊர்க் காற்று அவளுக்கு அடுப்பு வாய். கால் வீங்கிவிட்டது, இரண்டு வாய்க் கஞ்சிக்கு மேல் இறங்குவதில்லை, நேற்று முற்றத்தில் மயங்கி விழுந்தாள். வெட்டிவேர்த் தட்டி கட்டி நனைத்தோம். நாலு பேர் மாறி மாறி விசிறுகிறோம். அனலைத்தான் இங்கிருந்து அங்கே தள்ளுகிறோம். தங்களிடம் அனுப்பலாம் என்றால், இந்த நிலையில் கணவாய் ஏறினால் இரண்டு உயிருக்கும் ஆபத்து, அறையைக் குளிர வைப்பது ஒன்றே வழி என்று வைத்தியர் கையை விரித்துவிட்டார்.

திருமணச் சீராகத் தாங்கள் அனுப்பிய ஏசி என்னும் குளிர்ப்பெட்டி அவள் தலைமாட்டுச் சுவரிலேயே இருக்கிறது. அது எழவில்லை. சீரைக் குறை சொல்ல வந்த ஓலை என்று தங்கள் அவையில் எவரும் எண்ணிவிட வேண்டாம். பெட்டியின் மேல் தவறே இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

மின்சாரம் வரவில்லையோ என்று பார்த்தோம். அதே கம்பியில் விளக்கு எரிகிறது. அரண்மனைக் கம்பி வேலைக்குத் தலைவர் பூவலிங்கம் ஃபியூஸைக் கழற்றி மாட்டினார், சுவிட்சை மாற்றினார், ஸ்டெபிலைசரில் பச்சை விளக்கைக் காட்டினார். ரிமோட்டுக்குப் புது பேட்டரி நாலு தடவை போட்டாயிற்று. அமைச்சர் கிட்டே போய் அழுத்தினார், தூரப் போய் அழுத்தினார். படைத்தலைவர் நாற்காலி மேல் ஏறி அழுத்தினார். கடைசியில் நான் கையைக் கூப்பி, "ஒரே ஒரு மூச்சு விடப்பா" என்று பெட்டியிடமே கெஞ்சினேன்.

"தாயே, அது கும்பிட்டா எறங்குற சாமி இல்ல, கரண்டு வந்தா எறங்குற சாமி" என்றார் பூவலிங்கம். "கரண்டும் வந்துடுச்சு. அப்புறம் என்ன கோவமோ, தெரியல."

இன்று காலை அவர் ஏணி வைத்து ஏறி, பெட்டியை மூக்கு உரசப் பார்த்தார். பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"அடக் கடவுளே! ரிமோட் சொல்றதப் பாக்க இதுக்கு நெத்தியில சின்னதா ஒரு கண்ணு இருக்கு தாயே. அந்தக் கண்ணு மேலயே சந்தனத்த அப்பி, குங்குமமும் வெச்சிருக்கு. கண்ண மூடிவிட்டுட்டு கைய காட்டுனா எப்படித் தெரியும்? ஒரு ஈரத்துணி குடுங்க. ஒரு நொடி வேல."

துணி எடுக்கத் திரும்பினேன். அதற்குள் தண்மொழி எழுந்து வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, அது நான் வெச்ச பொட்டு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாசியில் என் மகன் இளவேட்டன் எல்லைப் போருக்குப் புறப்பட்ட காலையில், வாள் முதல் அரிவாள்மணை வரை அரண்மனையின் அத்தனை கருவிக்கும் மனைவி என்ற முறையில் அவள் கையால்தான் பொட்டு. போனவர் திரும்பி வந்து வாசல் மிதிக்கும்வரை அதை அழிக்கலாகாது என்பது இந்நாட்டு வழக்கம். சொல்லிக்கொடுத்தவளே நான். அழித்தால் என்ன ஆகும் என்று அன்று கேட்டாள். அவள் வாயைப் பொத்தினேன்.

"வேர்த்தா வேர்க்கட்டும். அவர் வரட்டும்" என்கிறாள். பூவலிங்கமோ, "உத்தரவு குடுங்க தாயே, ஆனா என் கையால வேணாம்" என்று இறங்கிவிட்டார். நானே துடைக்கலாம். கணவனை இழந்த என் விரல் பட்டு அந்தக் குங்குமம் போயிற்று, மறுநாள் எல்லையிலிருந்து ஒரு சேதி வந்தது என்றால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? மூடத்தனம் என்பீர்கள், சொல்லுங்கள். இருபது நாளாக அங்கிருந்து ஒரு வரி இல்லை. போனது அவள் கணவன் மட்டுமா? என் பிள்ளை. ஒரு நாட்டுக்கே ஆணையிடுகிறேன், ஒரு விரல் அளவு சந்தனத்துக்கு முன்னால் நிற்கிறேன்.

ஆகவே தங்கள் நாட்டுக் கைவினையரைக் கேட்டு எழுத வேண்டுவது இது. கண்ணைத் தொடாமல், ரிமோட் இல்லாமல், இப்பெட்டியை எழுப்ப அதன் உடம்பில் எங்கேனும் ஒரு பொத்தான் உண்டா? மூடியைத் திறந்து தேடலாம் என்றால், காய்ந்த சந்தனம் உதிர்ந்துவிடும் என்று பூவலிங்கம் நடுங்குகிறார். எவ்விடத்தில், எப்பக்கத்தில் என்று படம் வரைந்தே அனுப்புங்கள்.

குதிரை மாற்றி ஓடினால் இவ்வோலை மூன்று நாளில் சேரும்; மறுமொழிக்கு மூன்று நாள். ஆறு நாளும் விசிறி என் கையில் இருக்கும். ஓலை கொண்டு வருவோனைச் சுங்கத்திலோ கணவாயிலோ எவரும் நிறுத்தலாகாது; இது எம் ஆணை.

அப்படி ஒரு பொத்தானே இல்லையென்றால், இல்லை என்று எனக்கு எழுத வேண்டாம். பெற்றவர் என்ற உரிமையில் அவளுக்கு எழுதுங்கள், 'அழித்துவிடு மகளே' என்று. அந்தச் சொல் என் வாயில் வரவில்லை.

அரக்கு இந்த வெயிலில் இறுக மறுக்கிறது. முத்திரை கலைந்து வந்தாலும் ஓலை என்னுடையதே எனக் கொள்க.