லெண்டும் பாரோவும் புருவமும்

பிகெனிபேயு, தராவா
ஞாயிறு, பூசை முடிந்து

அன்புள்ள தெபானோவுக்கு,

உங்கள் மனைவி அகெனெட்டே எழுதுவது. இங்கே நலம். பண்டபெர்க் தக்காளித் தோட்டத்தில் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். இது நான்காவது கடிதம். முந்தைய மூன்றிலும் ஒரே கேள்விதான் கேட்டிருந்தேன்: ஆஸ்திரேலியாவில் முதியோர் இல்ல வேலை கிடைத்தால் உங்களிடமே வந்துவிடட்டுமா? பதில் இல்லை. போன் செய்தால் மணி அடித்து ஓய்கிறது. இத்தனை நாளும் தபால்காரரைத்தான் திட்டினேன். அதனால் இதைப் பக்கத்து வீட்டு ரகேராவின் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். செவ்வாய்க்கிழமை அவன் உங்கள் தோட்டத்துக்கே வேலைக்கு வருகிறான்.

வேலைக்கு ஆங்கிலத் தேர்வு உண்டு. நாற்பத்தெட்டு வயதில் வினைச்சொற்களோடு மல்லுக்கட்டுகிறேன். சீ, லுக், வாட்ச் மூன்றும் பார்ப்பதுதானாம். அவர்களுக்கு எத்தனை கண்ணோ! டேக் என்றால் கொண்டுபோவது, பிரிங் என்றால் கொண்டுவருவது. மீன் கழுவும்போதுகூட முணுமுணுக்கிறேன், பூனை மிரண்டு ஓடுகிறது.

இரவல் கொடுப்பது லெண்ட், இரவல் வாங்குவது பாரோ, இவைதான் உயிரை வாங்கின. நம் தீவில் கேட்டால் மறுக்க முடியாது, கொடுத்தது திரும்பியும் வராது. இதில் இரண்டு சொல் எதற்கு? ரகேரா என் வாணலியைக் கேட்டு வாங்கிப்போய் இரண்டு வருடம். நான் லெண்ட் செய்தேன், நீ பாரோ செய்தாய், அதாவது திருப்பித் தரவேண்டும் என்று விளக்கினேன். "அடியே, ஆஸ்திரேலியா போறதுக்கு முன்னாடியே இவ்ளோ கஞ்சத்தனமா?" என்று எழுந்தாள். போகிறபோது உப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

போன வெள்ளிக்கிழமை தேர்வு. எல்லாச் சொற்களும் நாக்கு நுனியில் நின்றன. ஆனால் தேர்வு போனில். தேர்வு நடத்திய அம்மாள் பிரிஸ்பேனிலிருந்து, வயதானவர்களைப் பார்த்துக்கொண்டது உண்டா என்று கேட்டாள். உண்டு என்று நம் வழக்கப்படி புருவத்தை உயர்த்தினேன். மறுபடி கேட்டாள். இன்னும் உயர்த்தினேன். மூன்றாம் முறை நெற்றித்தோலே வலித்தது. ஜன்னலில் எட்டிப்பார்த்த ரகேரா, "ஏண்டி, அவ காதால கேக்குறா, நீ புருவத்தால பேசுற! வாயத் தொறடி!" என்று கத்தினாள். அதைத்தான் அந்த அம்மாள் என் முதல் பதிலாகக் கேட்டிருப்பாள்.

ஊரே சிரிக்கிறது, நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்க முடியாததை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். கடைசியாக அவள், ஆஸ்திரேலியாவில் உனக்காக யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். அதற்குள் எனக்கு வாய் திறந்திருந்தது, பதிலுக்கான ஆங்கிலமும் தெரியும். ஆனாலும் வாய் பேசவில்லை. புருவமும் அசையவில்லை.

இன்னொரு வாய்ப்பு தந்திருக்கிறார்கள், இருபத்தேழாம் தேதி. அதற்குள் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். எந்த ஊரில் வேலை வேண்டும் என்று ஒரு கட்டம். பென்சிலால் பண்டபெர்க் என்று எழுதி அழித்தேன். மூன்று முறை அழித்ததில் காகிதம் மெலிந்துவிட்டது.

ரகேராவின் தம்பியிடம் ஒரு வரி சொல்லிவிடுங்கள், போனில் எனக்குச் சொல்வான். வராதே என்பதானாலும் சரி. தேர்வை விடமாட்டேன், வேறு ஊர் எழுதிக்கொள்வேன். அழுதால் இரண்டு நாள் அழுவேன், அவ்வளவுதான். தெரியாமல் இருப்பதுதான் முடியவில்லை.

வெயிலில் தொப்பி போடுங்கள். கர்த்தர் உங்களுக்கு நல்ல உடம்பும் நிம்மதியும் தரட்டும், உங்கள் பதில் எதுவானாலும்.

இன்றுவரை உங்கள்,
அகெனெட்டே