இனாசிட்டால் இல்லாத தட்டு

1987 பிப்ரவரி 9, திங்கள்

பிட்ஸ்பர்க் தெருவெல்லாம் சேறு கலந்த பனி. காலுறை நனைந்தபடியே நாள் முழுக்க நின்றேன்.

எங்கள் ஆய்வகத்தில் ஒடீல் வளர்க்கும் திரிபு, மரபணு மாறிய அந்த ஈஸ்ட் வகை, மூன்றாம் முறையாகக் காலை வாரிவிட்டது. இனாசிட்டால் என்ற சத்து இல்லாத தட்டில், அதைத் தானே செய்துகொள்ள முடியாமல் செத்திருக்க வேண்டிய ஈஸ்ட், கொழுகொழுவென்று வளர்ந்திருக்கிறது. நவம்பரில் ஒழுங்காகச் செத்த அதே திரிபு! அதை நம்பித்தான் எங்கள் பேராசிரியர் ரூத், மே மாநாட்டில் பேச அவள் பெயரைக் கொடுத்திருந்தார்.

"ஏதாவது கலந்துடுச்சா ஒடீல்? இல்ல, நவம்பர்ல பாத்ததே தப்பா?" எல்லார் முன்னாலும் கேட்டார்.

"என் கை சுத்தம், ரூத்."

எனக்குப் பக்கத்து மேசைதான் அவளுக்கு. நான் தலை நிமிரவில்லை. பாவம் என்று நினைத்தேன். கொஞ்சம் அலட்சியமும் இருக்கும் என்று நினைத்தேன். ஆம், நினைத்தேன்.

பிப்ரவரி 10

ஒடீல் மதியம் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 16

ரூத் அந்தத் திரிபைக் கைவிடச் சொல்லிவிட்டார். மாநாட்டுப் பட்டியலிலிருந்து அவள் பெயர் போயிற்று. ஒடீலின் உதவித்தொகையை நீட்டிக்கக் கடிதம் எழுதப்போவதில்லையாம். ஜூனோடு சரி.

பிப்ரவரி 19, வியாழன்



எந்த மரபணு வேலை செய்கிறது என்று கோடுகளாகக் காட்டும் என் எக்ஸ்-ரே ஃபிலிமை இன்று கழுவி எடுத்தேன். வெளியே இனாசிட்டால் கிடைத்தால் ஈஸ்ட் அதைச் செய்யும் மரபணுவை மூடிவிடும். கிடைக்காவிட்டால், செல் சவ்வுக்கு வேண்டிய பாஸ்போலிப்பிட் கொழுப்பைக் கட்டத் தானே செய்துகொள்ள, முழுக்கத் திறந்துவிடும். நான் பட்டினி போட்ட ஈஸ்ட்டில் கோடு கறுப்பாக விழுந்திருக்க வேண்டும். கோடே இல்லை. மற்ற மரபணுக்களின் கோடுகள் எல்லாம் இருக்கின்றன. அப்படியானால் என் ஈஸ்ட் பட்டினியே கிடக்கவில்லை!

அலமாரிக்குப் போனேன். வைட்டமின் பொடி ஜாடி. 'இனாசிட்டால் கிடையாது' — என் கையெழுத்து. என் குறிப்பேட்டைப் புரட்டினேன். டிசம்பரில், இனாசிட்டால் சேர்க்காமல் நாங்களே கலக்கும் பொடி தீர்ந்தபோது, விடுமுறைக்குக் கிளம்பும் அவசரத்தில், கடையில் வாங்கிய பொடியை அந்த ஜாடியில் கொட்டியிருக்கிறேன். அதில் இனாசிட்டால் உண்டு. எல்லாருக்கும் கூழ், அதாவது தட்டில் ஊற்றும் ஈஸ்ட் தீனி, காய்ச்சுவது இந்த வருடம் என் முறை. ஒடீலின் தட்டுகள் எல்லாம் நான் ஊற்றியவை.

அவள் ஈஸ்ட் பொய் சொல்லவில்லை. நான் ஊட்டி வளர்த்திருக்கிறேன்.

ஜாடியைத் தொட்டியில் கொட்டிக் கழுவினேன். புதிதாகக் கலந்து வைத்தேன். யாரும் பார்க்கவில்லை. ஏன் கழுவினேன்?

பிப்ரவரி 20

சொல்லவில்லை.

பிப்ரவரி 26

விஸ்கான்சினில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு என்னை நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள். ரூத்தின் பரிந்துரை வேண்டும். "உன் வேலையில அப்பழுக்கு கிடையாது வெர்னா, அதையே எழுதிடுறேன்" என்றார். நன்றி சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன்.

மார்ச் 6, வெள்ளி

கோவிலில் தவக்கால மீன் சாப்பாடு. அதற்கு முன் பாவசங்கீர்த்தனம். ஈஸ்ட் என்றதும் ஃபாதர் கொஹூட், "ரொட்டிக்குப் போடுறதா?" என்றார்.

"அதேதான் ஃபாதர்."

"அதனால யாருக்கு என்ன கெட்டுச்சு?"

சொன்னேன். "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"அப்ப முதல்ல என்கிட்ட ஏம்மா வந்தே?"

மீனைத் தொடாமல் வந்துவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

சொல்லிவிட்டேன். குளிர் அறையில், அவள் பெட்டியில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது.

ஒடீல் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "எட்டு வாரமா என் கையையே சந்தேகப்பட்டேன்டி. எங்கம்மாகிட்ட போன்ல, நான் இதுக்கு லாயக்கில்லன்னு சொன்னேன்."

"தெரியாம நடந்துபோச்சு ஒடீல்..."

"பொடி மாறிப்போச்சு, சரி. அது யாருக்கும் நடக்கும். உனக்கு எப்ப தெரிஞ்சுது?"

"பதினெட்டு நாளாச்சு."

"அந்தப் பதினெட்டு நாளும் தெரியாமத்தான் நடந்துச்சா?"

பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மார்ச் 10

ரூத்திடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "விஸ்கான்சினுக்கு எழுதுவேன். இதையும் சேர்த்துத்தான் எழுதுவேன்." சரி என்றேன்.

மார்ச் 13

புதுத் தட்டு, ஒடீலே ஊற்றியது. திரிபு செத்துவிட்டது. சுத்தமாக, ஒரு புள்ளிகூட இல்லை. எல்லாரும் கை தட்டினார்கள். ரூத் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். உதவித்தொகைக் கெடு மார்ச் ஒன்றாம் தேதியே முடிந்துவிட்டது. பிப்ரவரி 19 அன்றே நான் வாய் திறந்திருந்தால், பத்து நாள் மிச்சம் இருந்தது.

ஏப்ரல் 14

விஸ்கான்சின்: இல்லை.

ஜூன் 26

ஒடீல் ஹூஸ்டனுக்குப் போய்விட்டாள், திரிபையும் எடுத்துக்கொண்டு. எல்லாரையும் கட்டிக்கொண்டாள். எனக்குக் கை கொடுத்தாள்.

1988 பிப்ரவரி 3

அவள் கட்டுரை வந்திருக்கிறது. எழுதியவர்கள் வரிசையிலிருந்து என் பெயரை எடுத்துவிடும்படி நான்தான் ரூத்திடம் கேட்டிருந்தேன்.

பிற்பகல் தொலைபேசி. ஒடீல்! ஏழு மாதத்தில் முதல் முறை. திரிபின் தாய்வகை, அது பிறந்த மூல ஈஸ்ட், எந்த உறைபெட்டியில் என்று கேட்டாள். சொன்னேன். பிறகு ஈஸ்ட்டைப் பற்றியே பேசினோம்; சவ்வு, கோலின், அங்கே உள்ள புழுக்கம். வைக்கும் முன், "இங்க கூழ் காய்ச்சுறது இப்ப என் முறை" என்றாள். "நேத்து தப்பான பொடியை எடுத்துட்டேன்."

"என்ன பண்ணினே?"

"எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன்."

 பிறகு, தாய்வகையைச் சனிக்கிழமைக்குள் அனுப்ப முடியுமா என்றாள்.

நாளைக்கே அனுப்புகிறேன் என்றேன்.