கினுயே ஒரே காசில் முடித்த ஆட்டம்

அமகசாகி,
நவம்பர் 14

அன்பு மகன் ரியோஹெய்க்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உங்க அப்பாவும் உடம்புக்கு ஒண்ணுமில்லாம இருக்கோம், டொரன்டோவில நீயும் மிஹாருவும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நல்லா இருக்கீங்கன்னு நம்பித்தான் இதை எழுத உக்காந்தேன். அங்கே பனி விழ ஆரம்பிச்சிருச்சாமே, மருமக மிஹாருவைக் காதை மூடிக்கிட்டுப் போகச் சொல்லு. நீ அனுப்பின காபித்தூள் வந்துச்சு. அதோட அப்பா பிறந்த நாளுக்குன்னு நீ அனுப்பின கையடக்க விளையாட்டு மெஷினும் வந்துச்சு. காபித்தூளோட நிறுத்தியிருக்கலாம்டா.

அவரு வாலிப வயசுல ஆடின ஆட்டமெல்லாம் அந்த உள்ளங்கை அகலப் பெட்டிக்குள்ள இருக்காம். சின்ன விமானம் ஒண்ணு இடப்பக்கத்திலேருந்து வலப்பக்கமாப் போய்க்கிட்டே எதிர்ல வர்றதையெல்லாம் சுடுது, அவ்வளவுதான். ரிட்டையர் ஆன மனுஷன், ஆடட்டும்னு முதல் வாரம் விட்டுட்டேன். ரெண்டாவது வாரம் ஒரு பேரு வர ஆரம்பிச்சது. இந்தக் குகையில கினுயே கூரையை ஒட்டிப் போவா, இந்தப் பாம்பை கினுயே வாய்க்கிட்டப் போய்ச் சுடுவான்னு தனக்குத்தானே சொல்லிக்கிறாரு. யாருன்னு கேட்டா, கடைத்தெருவில காசு போட்டு ஆடுற கேம் சென்டர்ல சில்லறை மாத்திக் குடுத்துக்கிட்டிருந்தவளாம், அந்த ஆட்டத்தை ஒரே காசுல கடைசி வரைக்கும் முடிச்சவ அவ ஒருத்திதானாம். முப்பத்தஞ்சு வருஷமா இவருக்குச் சோறு போடுறேன், என் பேரை இப்படி வாய் நிறையச் சொல்லி நான் கேட்டதில்ல.

சும்மா சொல்லக்கூடாது, எனக்குப் பொறாமைதான். உன்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. புதன்கிழமை காலையில அவரு தெருக்காரங்களோட பூங்காவைக் கூட்டிப் பெருக்கப் போவாரில்ல, அந்த ரெண்டு மணி நேரம் நான் கொத்தாட்சு மேஜைக்கு அடியில சூட்டுக்குள்ள காலை நீட்டிக்கிட்டு ஆடிப் பழகினேன். விரல் மரத்துப் போச்சு. செத்தா கொஞ்ச தூரம் பின்னாடி ஓட்டிட்டு மறுபடி அங்கிருந்தே ஆட ஒரு பட்டன் இருக்கே, அதை அமுக்கி அமுக்கி அஞ்சாவது கட்டம் போயிட்டேன். அவரே மூணைத் தாண்டலை. பெருமையாக் கொண்டுபோய்க் காட்டினா, பின்னாடி ஓட்டினதெல்லாம் கணக்கில்ல, கினுயே ஒரே காசுல முடிச்சா, அதுவும் ஒரு கையில பன்னைத் தின்னுக்கிட்டேன்னாரு. எதிர்ல இருந்த ரொட்டிக்கடையில அந்தப் பன்னை வித்தவளே நான்தான்டா. அதைக்கூட நினைச்சுப் பாக்கலை அந்த மனுஷன்.

அப்புறம் நான் செஞ்சதை மிஹாருகிட்ட சொல்லாதே, மாமியாரைப் பத்தி என்ன நினைப்பா. கினுயே இப்ப ரெண்டு ஸ்டேஷன் தள்ளி சலவைக்கடை வெச்சிருக்கான்னு காய்கறிக்காரம்மா சொன்னாங்க. உங்க அப்பாவோட நல்ல கோட்டை, அழுக்கே இல்லாததை, மடிச்சு எடுத்துக்கிட்டுப் போயிட்டேன். எப்படி இருக்கான்னு பாத்துட்டு வரணும், அவ்வளவுதான். தலை முழுக்க வெள்ளை, மூக்கு நுனியில கண்ணாடி, மனசுக்குக் கொஞ்சம் குளிர்ச்சியாத்தான் இருந்துச்சு. ரசீதுல நம்ம குடும்பப் பேரை, நிஷிமுரான்னு எழுதச் சொன்னதும் நிமிர்ந்து பாத்தா. கேம் சென்டருக்கு வருவாரே அந்த நிஷிமுரா வீடான்னு கேட்டா. ஆமான்னேன். அவ சிரிச்ச சிரிப்பு இருக்கே. அந்த ஆளு ஒருநாளும் ஒரு ஆட்டத்தை முடிச்சதில்லம்மா, சாயங்காலம் அஞ்சரை ஆனா எதிர்ல ரொட்டிக்கடை ஷட்டர் இறங்குற சத்தம் கேட்கும், உடனே விமானம் பறந்துக்கிட்டிருக்கும்போதே நீ ஆடுன்னு என் கையில விட்டுட்டு ஓடிடுவாரு, அங்க வேலை செஞ்ச பொண்ணோட சைக்கிளைத் தள்ளிக்கிட்டு நடக்கிறதுக்கு, அவரு விட்டுட்டுப் போனதை தினம் ஓசியில ஆடி ஆடித்தான் எனக்குக் கை பழகிச்சுன்னா. சொல்லிட்டு என்னை மேலயும் கீழயும் பாத்தா, பாவம்னு பாக்கிற பார்வை. அப்போ அந்தப் பொண்ணை அவரு கட்டலையான்னு மெதுவாக் கேட்டா.

நான்தான் அதுன்னு சொல்ல வாய் வரலைடா. ரசீதை வாங்கிக்கிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்தப்போ அவரு குனிஞ்ச தலை நிமிரலை. மீனைச் சுட்டு, சூப்பை ஊத்தி வெச்சுட்டுக் கூப்பிட்டேன். இந்தக் கட்டம் முடியட்டும்னாரு. மறுபடி கூப்பிட்டேன், ம்னாரு. சூப்பு ஆறி ஏடு படிஞ்சு போச்சு. கினுயே மேல எனக்கு இப்ப ஒண்ணும் இல்ல, நல்ல பொம்பளை. அந்த ரொட்டிக்கடைப் பொண்ணை நினைச்சாத்தான் வயிறு எரியுது. அவ ஒரு வார்த்தை கூப்பிடக்கூட இல்லடா, ஷட்டர் சத்தத்துக்கே எழுந்து ஓடி வந்திருக்காரு.

இதையெல்லாம் போன்ல அப்பாகிட்ட உளறி வைக்காதே. நீயும் அதே மாதிரி மெஷின் ஒண்ணு வாங்கியிருக்கேன்னு மிஹாரு சொன்னா. ஆடு, வேணாங்கலை. அவ சாப்பிடக் கூப்பிட்டா மட்டும், விமானம் எந்தக் குகையில மாட்டியிருந்தாலும் அப்படியே போட்டுட்டு எழுந்து போ. ரெண்டு பேரும் நோய் நொடியில்லாம, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்துக்கிட்டு நூறு வயசு இருக்கணும்.

உன் அம்மா,
ஹிசாயே