முன் நான்கு வரிசைகள்

மார்ச் 4, புதன்

அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போய் நடுரோட்டில் நின்று என் முகத்தை நானே அளந்துவிட்டு வந்தேன். அறுபத்தெட்டு வயதில் ஒருத்திக்கு வேறு என்ன வேலை?

பேருந்து நிறுத்தத்துக்கு எதிர்ச் சுவரில் எங்கள் படத்தின் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதி நானும் மகாராணியும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். இரண்டு முகமும் ஒரே அளவு, இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்து, ஆளுக்கு நாற்பத்தொரு காட்சி. என் முகம் உச்சியிலிருந்து தாடை வரை இருபத்திரண்டு அங்குலம். மகாராணியின் முகம் இருபத்திரண்டரை. உடனே தயாரிப்பாளருக்குப் போன் போட்டேன். "அம்மா, அவங்களுக்குக் கொண்டை இருக்குல்ல, அதையும் சேத்து அளந்துட்டீங்க" என்றார். அந்தக் கொண்டை சவுரி என்பது ஊருக்கே தெரியும். சவுரிக்கு அரை அங்குலம் தருகிற தாராள மனசு!

நாற்பது வருடமாக இந்த நோட்டில் அவளை மகாராணி என்றுதான் எழுதுகிறேன். பெயரை எழுதினால் மை வீண். கதாநாயகியின் தோழி வேடத்துக்காக ஒரே பெஞ்சில் காத்திருந்ததில் தொடங்கியது. அப்புறம் அக்கா வேடம், அம்மா வேடம், இப்போது நாற்காலியில் உட்கார்ந்து இருமுகிற வேடம். எந்தப் படத்திலும் எங்களில் ஒருத்திக்குத்தான் இடம். இடம் கிடைக்காதவள் வீட்டிலிருந்து அந்தப் படம் ஊத்திக்கொள்ள வேண்டும் என்று வேண்டிக்கொள்வாள். முதல் தடவையாக இருவரையும் சேர்த்து ஒரே படத்தில் போட்டிருக்கிறார்கள். படத்தின் பெயர் "நீ முதல்ல போ." ஓய்வுபெற்ற இரண்டு தலைமை ஆசிரியைகள், ஒரே அடுக்குமாடி, குடியிருப்போர் சங்கத் தலைவி பதவிக்கு அடித்துக்கொள்கிறார்கள். நகைச்சுவைப் படமாம். எனக்கு ஆவணப்படம் மாதிரிதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை ரிலீஸ். ஓட வேண்டும். தயாரிப்பாளர் அடுத்து ஒரு கதை வைத்திருக்கிறார். எழுபது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஒரு பெண். முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை அவள்தான். அதாவது நான்தான். "இது ஓடினா அது நிச்சயம்மா" என்றிருக்கிறார். இத்தனை வருடத்தில் ஒருத்தரும் எனக்கென்று ஒரு முழுப் படத்தைக் கொடுத்ததில்லை. எனக்கு அது வேண்டும். இதை மட்டும் கிண்டலாக எழுதவில்லை.

ஓடாவிட்டால் இருக்கவே இருக்கிறது தொலைக்காட்சித் தொடர். செத்துப்போன மாமியாராக, சுவரில் போட்டோவாகத் தொங்க வேண்டுமாம். "டயலாக்கே இல்ல மேடம், ரொம்ப ஈஸி" என்றான் கூப்பிட்டவன்.

மார்ச் 5, வியாழன்

நாளைக்குத் தியேட்டர் பக்கம் போகக் கூடாது, ரத்த அழுத்தம் ஏறும் என்கிறாள் மகள். சரி என்று தலையாட்டிவிட்டேன். என் கறுப்புக் கண்ணாடியை எங்கே வைத்தேன்?

மார்ச் 6, வெள்ளி

போனேன்.

மூன்று திரை கொண்ட தியேட்டர். பெரிய திரையில் ஒரு கதாநாயகன் பாலங்களைக் குண்டு வைத்துத் தகர்க்கிறான். எங்களுக்குச் சின்னத் திரை, நூற்றிருபது இருக்கை. வந்திருந்தது இருபத்துமூன்று பேர். அதில் இருவர் தூங்கினார்கள். ஒருவர் ஏசிக்காக வந்தவர், இடைவேளையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மீதிப் பேர் சிரித்தார்கள். பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே சிரித்தார்கள். ஆனால் யாருக்கு? இந்த வயதில் டூப் போடாமல் மாடிப்படியில் உருண்டு விழுந்திருக்கிறேன் நான். அதற்கு ஒரு இருமல் வந்தது. மகாராணி சும்மா லிப்டில் நின்று என்னை ஒரு பார்வை பார்க்கிறாள், அரங்கமே குலுங்குகிறது.

அந்தப் பார்வையைப் பற்றி நான் படப்பிடிப்பிலேயே கத்தினேன். நாற்பத்தொரு காட்சியில் ஒன்றிலாவது என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினாளா? தலையை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, ஓரக்கண்ணால், செருப்பில் ஒட்டிய சூயிங்கத்தைப் பார்க்கிற மாதிரி. இயக்குநரிடம் சொன்னால், "அதுதாம்மா கேரக்டரே" என்றான் அந்தத் தொப்பிக்காரன். கேமரா இல்லாத நேரத்திலும் அப்படித்தான் பார்த்தாள். அப்போதும் கேரக்டரா? திமிர்.

சாயங்காலம் விமர்சனம் வந்துவிட்டது. "அந்த ஓரப்பார்வை ஒன்றுக்காகவே படம் பார்க்கலாம். உடன் நடித்தவரும் பொருத்தம்." உடன் நடித்தவர்! சாம்பாருக்கு உப்பும் பொருத்தம் என்கிற மாதிரி.

மார்ச் 7, சனி

தயாரிப்பாளர் பேசினார். வசூல் எப்படி என்று கேட்டேன். "டீசன்ட்டா இருக்கும்மா" என்றார். இந்தத் தொழிலில் டீசன்ட் என்றால் நாடி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

துருவிக் கேட்டதில் விஷயம் வந்தது. திங்கட்கிழமை படத்தைத் தூக்கிவிடலாம் என்று தியேட்டர் மேனேஜர் சொல்லிவிட்டாராம். நாளை மாலைக் காட்சி நிரம்பினால் மட்டும் இன்னொரு வாரம் தருவாராம். அவர் வைத்திருந்தால் மற்ற ஊர்க்காரர்களும் வைத்திருப்பார்கள். "உங்க சொந்தக்காரங்க யாராவது..." என்று இழுத்தார்.

என் சொந்தக்காரர்களா? போனில் ஓசியில் வரும்வரை காத்திருந்து, அதையும் ஓட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு, "நீ கொஞ்ச நேரம்தான் வர்ற போல" என்று விசாரிப்பார்கள்.

வேறு வழி யோசித்துவிட்டேன். இங்கே எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு, காலை

வெட்கம் போய்விட்டது. எழுதுகிறேன். மாலைக் காட்சி டிக்கெட் மொத்தத்தையும் நானே வாங்கிவிடுவது என்று மகளைக் கணினி முன்னால் உட்கார வைத்தேன். அவள் பிசியோதெரபிஸ்ட், பிறர் முதுகைத் திருகுவதுபோல் என்னையும் ஒரு திருகு திருகினாள். "உனக்கென்ன பைத்தியமாம்மா? காலி சீட்டுக்கு யாராவது டிக்கெட் வாங்குவாங்களா?"

கணினியைத் திறந்தால் ஆச்சரியம். முன் நான்கு வரிசை ஏற்கனவே நிரம்பியிருக்கிறது! பன்னிரண்டு பன்னிரண்டாக நாற்பத்தெட்டு இருக்கை. மக்கள் வாங்கியிருக்கிறார்கள், முண்டியடித்து! எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"முன் வரிசைய முதல்ல யாரும்மா எடுப்பாங்க? கழுத்து போயிடும்" என்றாள் மகள்.

"உனக்கு எல்லாமே கழுத்துதான். ரசிகர்கள்டி."

மீதி எழுபத்திரண்டையும் வாங்கி அச்சடித்துப் பைக்குள் வைத்தாயிற்று. யாருக்கும் கொடுக்கப்போவதில்லை. கொடுத்தால் நான் வாங்கியது தெரிந்துவிடும். மகாராணியின் காதுக்குப் போய்விட்டால் அந்த மாடிப்படியில் இன்னொரு தடவை உருளலாம்.

மார்ச் 9, திங்கள்

நேற்று வந்து எழுத முடியவில்லை. சிரித்ததாலா, அழுததாலா என்று தெரியவில்லை.

ஐந்தரைக்கே போய்த் தியேட்டர் வாசலில் கறுப்புக் கண்ணாடியோடு நின்றேன். "ஹவுஸ்ஃபுல்" பலகை வைத்திருந்தார்கள். அதைப் படம் எடுத்துக்கொண்டேன். அப்போது ஒரு பெரியவர், கைத்தடி, கூட மனைவி. போஸ்டரில் என் முகத்தைக் காட்டி, "இந்தம்மாதான். படியில உருண்டு விழறாங்களாம். என் தங்கச்சி போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்சா" என்றார். என்னை! இருபத்திரண்டரை அங்குலத்தை அல்ல!

கவுன்டரில், "ஹவுஸ்ஃபுல் சார்" என்று அனுப்பிவிட்டான்.

அடுத்து ஐந்து பெண்கள், ஏதோ ஆபீஸில் ஒன்றாக வேலை பார்க்கிறவர்கள். ஹவுஸ்ஃபுல். ஒரு அப்பா, இரண்டு பெண்கள். ஹவுஸ்ஃபுல். நாற்பது வருடம் காத்திருந்து, என்னைப் பார்க்கவென்று நான்கு பேர் கிளம்பி வருகிற அன்று, கதவைச் சாத்தி வைத்திருப்பது யார் என்றால் நான். என் வாயில் நானே மண்ணைப் போட்டுக்கொண்டேன். கூப்பிட்டுக் கொடுக்கவும் தைரியமில்லை. பையை இறுக்கிக்கொண்டு உள்ளே போனேன், அந்த நாற்பத்தெட்டு ரசிகர்களையாவது பார்க்கலாம் என்று.

அரங்கம் காலி. இரண்டாவது வரிசை நடுவில் ஒரே ஒரு கொண்டை.

"யாரது?" என்றாள், திரும்பாமல்.

"நாற்பத்தெட்டும் நீயா வாங்கினே?"

குரலிலேயே கண்டுபிடித்துவிட்டாள். "பின்னாடி எழுபத்திரெண்டும் நீயா? அதானே பாத்தேன், இந்தப் படத்துக்கு இவ்வளவு கூட்டமான்னு."

"கூட்டம் காட்டத்தானே வாங்கினே, ஏமாத்துக்காரி."

"நீ தர்மத்துக்கு வாங்கினியோ?"

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். விளக்கு அணைந்து படம் தொடங்கியது. அவள் திரையை நேராகப் பார்க்காமல் தலையை ஒரு பக்கமாகத் திருப்பினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இங்கேயுமா? இருட்டுல யாருக்குடி நடிக்கிறே?"

"நடிப்பில்லடி. கண்ணுல நடுவுல ஒண்ணும் தெரியல. ரெண்டு வருஷமாச்சு. ஓரத்துல மட்டும் கொஞ்சம் தெரியும். நேராப் பாத்தா உன் மூஞ்சி இருக்கற இடத்துல ஒரு அழுக்குப் புள்ளி இருக்கு."

நான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அதுல பெரிய நஷ்டமில்லன்னு வச்சுக்கோ" என்றாள்.

கிட்டத்தில் உட்கார்ந்தால்தான் ஏதோ தெரியுமாம். முன்னால் உட்கார்ந்து கழுத்தைச் சாய்ப்பதை யாராவது பார்த்து, வெளியே சொல்லிவிட்டால் அப்புறம் யார் கூப்பிடுவார்கள்? அதனால்தான் நான்கு வரிசை. "தயாரிப்பாளர் எனக்கு ஒரு கதை சொல்லியிருக்காரு. அது கையை விட்டுப் போயிடக் கூடாது."

"என்ன கதை?"

"எழுபது வயசுல கார் ஓட்டக் கத்துக்கற பொம்பளை."

சிரிப்பு எங்கிருந்து வந்ததோ தெரியாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எனக்கும் அதே கதைதான் என்று சொன்னதும் அவளும் ஆரம்பித்தாள். கண் தெரியாதவளுக்கும் கார், முழங்கால் மடங்காதவளுக்கும் கார். நூற்றிருபது இருக்கையில் இரண்டு கிழவிகள், படத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் சிரித்தோம்.

வெளியே ஆட்கள் திரும்பிப் போவதைச் சொன்னேன். "இங்க உக்காந்து என்னடி பண்றே, எழுந்திரு" என்று அவள்தான் முதலில் எழுந்தாள். முழங்கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டி வந்தேன். கவுன்டர்காரன் முன்னால் எழுபத்திரண்டு டிக்கெட்டையும் கொட்டினேன். அவன் எங்களையும் போஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தான். ஆபீஸ் பெண்கள் டீக்கடையில் இருந்தார்கள். பெரியவரும் மனைவியும் பேருந்து நிறுத்தத்தில். எல்லாமாகப் பத்தொன்பது பேரைப் பிடித்து வந்தோம். படம் தொடங்கி இருபது நிமிடம் ஆகிவிட்டது, யாரும் குறை சொல்லவில்லை.

திரையில் வருவதை அவள் காதில் சொல்லிக்கொண்டே வந்தேன். நான் படியில் உருண்டபோது பெரிய சிரிப்பு.

"யாருக்குச் சிரிக்கிறாங்க?"

"எனக்கு."

"பொய்."

இரண்டு வருடமாக அவளைத் திமிர் பிடித்தவள் என்று இந்த நோட்டில் எத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன் என்று காலையில் புரட்டிப் பார்த்தேன். எனக்கு அசிங்கமாக இருந்தது.

மார்ச் 10, செவ்வாய்

"ஹவுஸ்ஃபுல்மா! மக்கள் ஏத்துக்கிட்டாங்க! இன்னொரு வாரம் உண்டு!" தயாரிப்பாளர் துள்ளினார். அதை மாபெரும் வெற்றி என்று போஸ்டர் அடிக்கப்போகிறாராம்.

ஆமாம், மக்கள். இரண்டு பேர்.

மார்ச் 14, சனி

இன்று மதியக் காட்சிக்கு ஒன்பது பேர். மாபெரும் வெற்றிப் போஸ்டர் மேல் குண்டு வைக்கிற கதாநாயகனின் போஸ்டரை ஒட்டிவிட்டார்கள்.

மார்ச் 17, செவ்வாய்

கார் ஓட்டும் கதையைத் தயாரிப்பாளர் எடுக்கிறாராம். நான் இல்லை. மகாராணியும் இல்லை. முப்பத்து நான்கு வயதுக் கதாநாயகி. "அவங்களுக்கு மார்க்கெட் இருக்கும்மா. நரையை ஒட்டிக்கலாம், சுருக்கத்தை வரைஞ்சுக்கலாம்." என் நரையும் சுருக்கமும் ஒட்டாமலே இருக்கின்றனவே என்றேன். "அது ரொம்ப ஒரிஜினலா தெரியுதும்மா" என்றார்.

போனை வைத்துவிட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மகளுக்குக் கேட்கக் கூடாது. கேட்டிருக்கும். டீ போட்டு வைத்திருந்தாள்.

மகாராணிக்குப் போன் செய்தேன். இருவரும் சேர்ந்து அரைமணி நேரம் திட்டினோம். அவளுக்கு என்னைவிட நல்ல கெட்ட வார்த்தைகள் தெரிகின்றன.

மார்ச் 19, வியாழன்

கடைசிக் காட்சி. எங்களோடு சேர்த்து ஏழு பேர். நாளையிலிருந்து அந்தத் திரையிலும் பாலம் தகர்ப்பு.

நான்தான் டாக்சி எடுத்துப் போய் அவளைக் கூட்டி வந்தேன். இரண்டாவது வரிசை. வழியெல்லாம் டாக்சிக்காரனை, ரோட்டை, என் சென்ட்டை, எல்லாவற்றையும் குறை சொல்லிக்கொண்டே வந்தாள். படம் தொடங்கியதும் வாயை மூடிக்கொண்டாள். நான் சொல்லச் சொல்லத் தலையை மட்டும் ஆட்டினாள்.

கடைசியில் சங்கத் தேர்தலில் தோற்று, அவள் தனியாகப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் காட்சி. வசனம் இல்லை.

"குளோசப் வருதா?"

"வருது."

"எப்படி இருக்கேன்டி?"

இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் இதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதில் தயார். ஒன்றா, இரண்டா, ஒவ்வொரு படத்துக்கும் ஒன்று செதுக்கி வைத்திருந்தேன். திரையைப் பார்த்தேன். தொங்கிப்போன கன்னம், கண்ணுக்குக் கீழே பை. எதையோ தேடி ஒரு பக்கமாகத் திரும்புகிற முகம். முன்னால் நடப்பது தெரியாமலேயே உட்கார்ந்து இதை நடித்திருக்கிறாள். பின்வரிசையில் ஒருவர் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

"நல்லா இருக்கே" என்றேன். "என்னைவிட நல்லா இருக்கே."

அவள் நம்பவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.