மூக்குக்குத்தான் அந்த மருந்து

ஸ்டுட்கார்ட்
10.3.2004

என் அன்புள்ள கிறிஸ்ரியனுக்கு,

நான் நலம், மூக்கைத் தவிர. அங்கே நீங்களும் மாமியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் ஒரு வசனம் சொன்னால் பாதியை நீங்களும் மீதியை மாமியும் கேட்கிறீர்கள்.

போன ஞாயிறு போனில், "பாரமான வாளி ஒண்டும் தூக்கிறேல்லைத்தானே?" என்று கேட்டீர்கள். நமது கல்யாணம் முடிந்து இங்கே திரும்பி வந்த பதினான்கு மாதமும் துப்புரவு வேலையில் வாளிதான் தூக்குகிறேன். ஒருநாளும் கேட்காத கேள்வி. என்னைப் பற்றிய கதை அங்கே மன்னாருக்கும் வந்துவிட்டது என்று அப்போதே விளங்கிவிட்டது.

இனி என் வாயால் கேளுங்கள். மார்கழியில் வந்த காய்ச்சல் போகும்போது என் மூக்கின் மணம் பிடிக்கிற சக்தியையும் கூட்டிக்கொண்டு போனது. கறி கருகினாலும் தெரியாது. மூக்கு வைத்தியர், வைரஸ் செய்த வேலை, திரும்பி வரலாம், வராமலும் விடலாம் என்று சொல்லி அடுத்த முறை வந்து காட்டுகிற டெர்மினை ஆடி மாதத்துக்குப் போட்டார். வேலையில் மேற்பார்வையாளனிடம் சொன்னேன். அவனுக்குச் சந்தோஷம். "உனக்குத்தான் மணக்காதே" என்று மூன்று மாடிக் கழிவறைகளையும் என் தலையில் கட்டிவிட்டான். நல்லாய் மணந்த காலத்திலும் இரண்டு மாடி என்னுடையதுதான் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமைகளில் நான் துப்புரவாக்கும் வீட்டுக்கார அம்மா யப்பான்காரி, பெயர் மொரிதா. தங்கள் நாட்டில் காய்ச்சலுக்குப் பிறகு மணம் போனவர்களுக்கு மூக்கு வைத்தியர்களே கொடுக்கிற மூலிகைத் தூள் இருக்கிறது என்று சொல்லி, மருந்தாளரான தன் தம்பியிடமிருந்து எடுப்பித்துத் தந்தா. பெயர் தோக்கி-ஷாக்குயாக்கு-சான். மூன்று ரயில் நிலையங்களை ஒன்றாகச் சொன்னமாதிரி. சாப்பாட்டுக்கு முன் ஒரு நாளைக்கு மூன்று பைக்கற். நாக்கும் அரைவாசி செத்திருப்பதால் கசப்பும் அரைவாசிதான்.

கீழ்வீட்டு யோசப்பீன் அக்கா சம்பல் கொண்டுவந்த சாட்டில் அந்தப் பைக்கற்றைக் கண்டுவிட்டா. மகள் லாராவைக் கொம்பியூட்டரில் தேடச் சொல்லியிருக்கிறா. யப்பானில் பெண்கள் மாதத் தொல்லைக்கும் பிள்ளை தங்குவதற்கும் குடிக்கிற மருந்து என்று அதில் இருந்ததாம். அதுவும் உண்மைதான். ஒரே தூளைப் பல வருத்தங்களுக்குக் கொடுப்பார்கள் என்று மொரிதா அம்மா சொன்னா. லாரா மூக்கு வரை வாசிக்கவில்லை.

அடுத்த தமிழ்ப் பூசைக்குப் போனால் எனக்கு மட்டும் மெத்தை போட்ட கதிரை. ஒரு அக்கா காதுக்குள், "எத்தினை மாசம்?" என்றா. உங்களை விட்டு வந்து எத்தனை மாதம் என்று கேட்கிறா என நினைத்து, பதினாலு என்றேன். அவவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பூசை முடிந்து தேவாலய மண்டபத்தில் விசாரணை. மூக்குத்தான் பழுது என்று நான் கத்த, யோசப்பீன் அக்கா, "அப்ப சோதிச்சுப் பாப்பம், கண்ணை மூடு பிள்ளை" என்று, யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்த கருவாட்டை மூக்கடியில் பிடித்தா. எனக்கு ஒன்றும் மணக்கவில்லை, குமட்டவுமில்லை. "சத்தி வரேல்லை, வயித்தில ஒண்டுமில்லை" என்று ஒரு பக்கம் தீர்ப்பு. "நாலு மாசத்துக்குப் பிறகு சத்தி நிண்டிடும்தானே" என்று மறுபக்கம். நான் இரண்டு கிழமை காய்ச்சலில் கிடந்தபோது இந்த இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரு கோப்பை கஞ்சி வரவில்லை. ஒரு ஆம்பிளை இதே தூளைக் குடித்திருந்தால் பாவம், அவருக்கு ஏதோ வருத்தம் என்று விட்டிருப்பார்கள்.

அவர்கள் என்ன நினைத்தாலும் எனக்குக் கவலையில்லை. நீங்கள் வாளியைப் பற்றிக் கேட்ட பிறகு மூன்று இரவு நித்திரை இல்லை. சந்தேகம் இருந்தால் வாளியை விட்டுவிட்டு நேராகக் கேளுங்கள். நேராகவே பதில் சொல்வேன்: இல்லை.

மருந்தாலோ தன்பாட்டுக்கோ தெரியாது, நேற்று பஸ்ஸில் ஒரு நொடி ஏதோ மணம் வந்து போனது. என்னவென்று பிடிபடவில்லை. நல்லாய்த் தெரிந்த மணத்தைத் தினமும் மூக்குக்கு நினைவூட்ட வேண்டும் என்று மொரிதா அம்மா சொல்லுறா. ஆகவே ஒரு வேண்டுகோள். நீங்கள் இரண்டு நாள் போட்டுக் கழற்றிய சேட்டு ஒன்றைத் தோய்க்காமல் தபாலில் அனுப்புங்கள். பவுடர், சென்ற் எதுவும் பூச வேண்டாம். மாமி தோய்க்கக் கேட்டால் கொடுக்க வேண்டாம், ஏன் என்று விளக்கவும் வேண்டாம். சுங்கத்தில் பிரிப்பவர்கள் தங்கள் மூக்கைத் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும்.

கூடக் கடிதம் வைக்கத் தேவையில்லை. சேட்டு வந்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்வேன்.

மாதா உங்களைக் காக்கட்டும். கெதியாக அனுப்புங்கோ.

இப்படிக்கு,
உங்கள் மனைவி
மெற்றில்டா