தோட்டக்காரருக்கு வந்த கத்திரி

இன்று காலை வாசலில் சாணை பிடிப்பவர் வந்தார். உன் கத்திரியை எடுத்துக் கொடுத்தேன். அவர் சக்கரத்தை மிதிக்க மிதிக்க இரும்பு வாடையோடு, நீ அதன் மூட்டில் விட்டு வைத்திருந்த விளக்கெண்ணெயின் வாடையும் கிளம்பியது. நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. எண்ணெய் வாடை மட்டும் போகவில்லை. அவர் கத்திரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சீமைக் கத்திரியாச்சே, யாருது சாமி?" என்று கேட்டார். "எங்கள் தோட்டக்காரருடையது" என்றேன். அவர் இன்னொரு கேள்வியும் கேட்டார். அதற்கு நான் சொன்ன பதிலை உனக்குத் தெரிவிக்கத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நான் எதையும் நேராகச் சொல்கிறவன் இல்லையே. "தலையைச் சுத்தி மூக்கைத் தொடுறதே உங்க வேலை" என்பாய். அப்படியே தொடுகிறேன், பொறுத்துக்கொள்.

நாம் மாம்பலத்துக்குக் குடிவந்த புதிது நினைவிருக்கிறதா? ஏரியைத் தூர்த்துப் பிரித்த மனை. முதல் மழைக்கே வாசலில் செருப்பு புதைந்தது. மயிலாப்பூரில் பெண்கள் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிற பண்டிதர் ஏரிக்குள் வீடு கட்டியிருக்கிறார் என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். நீ ஒரு பிடி களிமண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்தாய். "இன்னா மண்ணுங்க இது! கொம்பை நட்டா அதுவே பூக்கும்போல கீதே!" என்றாய். சொன்னபடியே ஆயிற்று. ஒரே வருஷத்தில் கிணற்றடியைச் சுற்றி வாடாமல்லி, வேலியோரம் கோழிக்கொண்டை, சமையலறை ஜன்னலுக்குக் கீழே சாமந்தி, துணி துவைக்கிற கல்லருகே மரிக்கொழுந்து. கால் வைக்க இடம் தேடித்தான் நான் குளிக்கப் போனேன்.

அந்த "இன்னா"வும் "கீதே"யும் எனக்குக் கூச்சமாக இருந்தன. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். நீ சைதாப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். அந்த ஊர்ப் பேச்சு உன் நாக்கில் அப்படியே இருந்தது. நான் ஊரார் பிள்ளைகளின் தமிழைத் திருத்திச் சம்பளம் வாங்குகிறவன். ஒரு நாள் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்துகொண்டு, "பழந்தமிழில் ‘இன்னா’ என்றால் துன்பம் என்று பொருள், தெரியுமா?" என்றேன். நீ குழம்பை ஊற்றிக்கொண்டே, "எனக்கு இன்னான்னா இன்னாதான். உங்களுக்குத் துன்பமா இருந்தா காதைப் பொத்திக்கினு துன்னுங்க" என்றாய். அன்றைக்குக் குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் அந்தச் செண்டு விவகாரம் வந்தது. எங்கள் தலைமையாசிரியை அம்மாள் ஆங்கிலப் பெண்மணி. தமிழை முழுக்க முழுக்கப் புத்தகத்திலிருந்து கற்றவர். ஒரு புதன்கிழமை என்னைக் கூப்பிட்டு, "பண்டிதரே, வெள்ளியன்று விருந்தினர் வருகிறார். நேர்த்தியான செண்டு ஒன்று கொணர்வீராக" என்றார். வெள்ளைக்காரி வாயில் வருகிற செண்டு வேறு எதுவாக இருக்க முடியும் என்று நினைத்தேன். சைனா பஜாருக்குப் போய், தேடிப் பிடித்து, ஒரு சீசா சென்ட்டு வாங்கி வந்து மறுநாள் அவர் மேஜைமேல் வைத்தேன். அவர் மூடியைத் திறந்து முகர்ந்தார். என்னைப் பார்த்தார். "பண்டிதரே, யான் வேண்டியது மலர்ச் செண்டு" என்று சீசாவை என்னிடமே திருப்பித் தந்தார். அவர் சொன்னது சுத்தமான தமிழ். அதை இங்கிலீஷ் என்று நினைத்தவன் தமிழ்ப் பண்டிதன்!

வீட்டுக்கு வந்து உன்னிடம் மறைக்கப் பார்த்தேன். சட்டைப் பையில் இருந்த சீசாவின் வாசனை என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. நடந்ததைக் கேட்டுவிட்டு நீ கிணற்றடியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரித்து முடித்ததும், "செண்டுன்னா கல்யாணத்துல பொண்ணும் மாப்பிள்ளையும் உருட்டி விளையாடுவாங்களே, அதானே? இதுக்கா மூஞ்சைத் தூக்கி வெச்சிக்கினு கீறீங்க?" என்று எழுந்தாய். விளக்கு வைப்பதற்குள் ஒரு பூப்பந்து உருண்டு திரண்டு தயாராகிவிட்டது. அது இல்லை, காம்போடு நிற்க வேண்டும், கையில் பிடிக்க வேண்டும் என்று நான் சொன்னதும் உன் முகம் மாறியது. காம்பு எங்கே இருக்கிறது? நம் வீடுகளில் பூப்பறிக்கிற விரல் பூவின் கழுத்தோடு கிள்ளிவிடும். சாமிக்கும் தலைக்கும் காம்பு எதற்கு? தோட்டத்தில் அன்றைக்குப் பூத்த அத்தனையும் தலை வேறு உடல் வேறாக உன் முறத்தில் கிடந்தன.

வெள்ளிக்கிழமை விடியும்போதே நீ செடிகளுக்கு நடுவில் நின்றாய். புதிதாய் விரிந்தவற்றை ஒரு சாணுக்குக் குறையாமல் ஒடித்தாய். அடுத்த வீட்டு அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "வெள்ளிக்கிழமையும் அதுவுமா செடியை ஒடிக்கிறியே, உனக்கு இன்னா பித்தா?" என்றாள். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அரிவாள்மணையைத் தோட்டத்துக்கே தூக்கி வந்து, கீரைத்தண்டு அரிகிற மாதிரி காம்புகளை ஒரே மட்டமாக அரிந்தாய். தண்ணீர்ச் சொம்பில் அவற்றை முக்கி வைத்தாய். ஊறின வாழைநாரைப் பல்லால் கிழித்தாய். ஊதா வாடாமல்லி நடுவில். அதைச் சுற்றி மஞ்சள் சாமந்தி. வெளியே கை படுகிற இடத்தில் பச்சையாக மரிக்கொழுந்து. கோழிக்கொண்டையையும் ஒன்று செருகு என்றேன். "மூணு தினுசு போதும். நாலாவது வந்தா சண்டைதான்" என்றாய். பிறகு கட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, நெருக்கிக்கொண்டிருந்த இரண்டு பூக்களை உருவிப் போட்டாய். "ஒண்ணை ஒண்ணு மிதிக்கக் கூடாது" என்றாய்.

அன்றைக்கு வந்த விருந்தினர் மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, செண்டை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டு கூட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார். தலைமையாசிரியை என்னிடம், "இதனைப் புனைந்தவர் யார்?" என்று கேட்டார். நான், "வீட்டில் கட்டினார்கள்" என்றேன். நம் ஆண்கள் எல்லாரும் மனைவியைச் சொல்கிற விதம் அதுதானே. "வீட்டில் உடம்பு சரியில்லை" என்றால் சுவருக்கா காய்ச்சல்? ஆனால் புத்தகத் தமிழில் அந்தப் பொருள் ஏது? யாரோ வேலையாட்கள் வீட்டில் கட்டினார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார். அது அவர் முகத்திலேயே தெரிந்தது. திருத்த ஒரு வார்த்தை போதும். நான் திருத்தவில்லை. மனைவி என்று சொன்னால் அழைத்து வரச் சொல்வார். நீ வந்தால் வாயைத் திறப்பாய். வாயைத் திறந்தால் "இன்னா" என்பாய். அவ்வளவுதான் என் பயம்.

அடுத்த வாரம் தலைமையாசிரியையிடமிருந்து பொட்டலம் வந்தது. உள்ளே சீமைக் கத்திரி. மேலே அவருடைய உருண்டைக் கையெழுத்தில், "பண்டிதர் வீட்டுத் தோட்டக்காரருக்கு, அன்புடன்." நீ எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தாய். முதல் முறை சிரித்தாய். இரண்டாவது முறை சிரிக்கவில்லை.

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"வீட்டில் கட்டினார்கள் என்று சொன்னேன்."

"வீடு எப்படிங்க பூக் கட்டும்? செங்கல்லு எந்திரிச்சு வந்து நார் கிழிச்சுதா?" என்றாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தம்மாவுக்குத் தெரியாது, சரி. உங்களுக்குத் தெரியுமில்ல? என்னைச் சொல்றதுக்கு உங்களுக்கு வெக்கமா கீது. அதானே?" என்றாய்.

நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் என்றேன். நாளை நாளை என்று இரண்டு மாதம் ஓடிற்று. நீ சண்டை போடவில்லை. கத்திரியைப் பொட்டலத்தோடு மாடத்தில் வைத்துவிட்டு, நான் பார்க்கும்படி அரிவாள்மணையிலேயே காம்பு அரிந்தாய். கத்திரியை எடுத்துக்கொள்ளேன் என்றால், "அது தோட்டக்காரர் சாமான். அவர் வந்தா எடுத்துக்குவாரு" என்பாய். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பரிசளிப்பு விழா வந்தது. "தங்கள் தோட்டக்காரர் மீண்டும் ஒரு செண்டு அளிப்பாரா?" என்று தலைமையாசிரியை கேட்டார். அதை அப்படியே உன்னிடம் வந்து சொன்னேன். நீ யோசித்துவிட்டு, "கட்டித் தரேன். ஆனா தூக்கிக்கினு வர்றது நானு" என்றாய். ஜட்காவில் வழியெல்லாம் செண்டை மடியில் நிறுத்திப் பிடித்திருந்தாய். எனக்கு வேர்த்துக் கொட்டியது. பள்ளி வாசலில் வண்டி நின்றதும், "யாருன்னு கேப்பாங்க. ‘வீட்டில்’னு மட்டும் சொன்னீங்க, இத்தக் குதிரைக்குப் போட்டுட்டு இதே வண்டில திரும்பிப் பூடுவேன்" என்றாய். சொன்னால் செய்கிறவள் நீ. குதிரைகூட ஆசையாகத்தான் பார்த்தது.

வாசற்படியில் தலைமையாசிரியை நின்றார். பின்னால் ஆசிரியைகளும் நாலாவது பாரம் வகுப்புப் பெண்கள் முழுக்கவும். அவர் உன்னைப் பார்த்தார், பிறகு என்னை. "இவர்...?" என்றார். நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. செண்டிலிருந்து ஒரு வாடின இதழை மெதுவாகக் கிள்ளிக்கொண்டிருந்தாய். அது போனதும் வாடாத இதழையும் கிள்ளினாய். குதிரைக்குப் போடுவேன் என்று மிரட்டியவளுடைய கை. என் பயம் அந்த இடத்திலேயே கோபமாக மாறிற்று, என்மேல் எனக்கே கோபம்.

"தாங்கள் கத்திரி அனுப்பிய தோட்டக்காரர் இவர்தான்" என்றேன். "என் மனைவி." பிறகு உன் பேரைச் சொன்னேன். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் நாலு பேர் காதில் விழ நான் உன் பேரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவரை "ஏய், இங்கே பார்" என்பதுதான் உன் பேராக இருந்தது. இங்கே அதை எழுதவில்லை, உனக்குத் தெரியாத பேரா?

தலைமையாசிரியை மகிழ்ச்சியில் சிவந்துபோய், "அம்மையீர்! இத்துணை எளிய மலர்களைக் கொண்டு இவ்வழகினை எங்ஙனம் இயற்றினீர்?" என்றார். நீ பேந்தப் பேந்த விழித்தாய். என் பக்கம் சாய்ந்து, ஊருக்கே கேட்கிற குரலில், "இன்னா சொல்றாங்க?" என்றாய்.

இரண்டு மாதமாக நான் பயந்த அந்த "இன்னா" வந்தேவிட்டது. பூமி பிளக்கவில்லை. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், நீயும் சேர்ந்து சிரித்தாய், நானும் சிரித்துவிட்டேன். அவர் தமிழை உன் தமிழுக்கும், உன் தமிழை அவர் தமிழுக்கும் மாற்றிக்கொண்டு நடுவில் துபாஷியாக நின்றேன். என் உத்தியோக வாழ்க்கையில் அவ்வளவு நிமிர்ந்து நின்ற நாள் வேறு இல்லை.

அன்று வீடு திரும்பியதும் நீ முகம்கூடக் கழுவவில்லை. மாடத்திலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, கத்திரியின் மூட்டில் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டாய். அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் நாலாவது பாரத்துப் பெண்களுக்குச் செண்டு கட்டச் சொல்லிக்கொடுக்க நீ அழைக்கப்பட்டாய். பள்ளியில் எனக்குக் கிடைத்ததைவிட உனக்கு மரியாதை அதிகம். எனக்கு நாற்காலி, உனக்கு மெத்தை போட்ட நாற்காலி. வகுப்பில் ஒரு பெண் எழுந்து, உன் பேச்சிலேயே, "சார், இந்தச் செய்யுள்ல இன்னா சொல்லிக்கீது?" என்று கேட்டாள். நான் அடிக்கக் கையை ஓங்கி, சிரித்துக்கொண்டு இறக்கிவிட்டேன். தலைமையாசிரியை நோட்டுப் புத்தகத்தோடு வந்து, "‘கீது’ என்னும் சொல்லின் வரலாறு யாது?" என்று கேட்டார். "இருக்கிறது என்பது வாயில் புழங்கிப் புழங்கித் தேய்ந்து கீது ஆயிற்று அம்மா, வேறொன்றுமில்லை" என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

நாளை மறுபடி பரிசளிப்பு விழா. இப்போது செண்டு கட்டுவது நான்தான். வாழைநார் வாளியில் ஊறுகிறது. உன் விரலுக்கு வந்த மட்டம் எனக்கு வராது. இரண்டு முறை அவிழ்த்துக் கட்டுவேன். ஆனால் மூன்று தினுசுக்கு மேல் சேர்ப்பதில்லை, ஒன்றை ஒன்று மிதிக்க விடுவதில்லை. வாசலில் யார் கேட்டாலும் உன் பேரைச் சொல்லி, அவளிடம் கற்றது என்கிறேன்.

சரி, மூக்குக்கு வந்துவிட்டேன். சாணை பிடிப்பவர் கத்திரியைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டே கேட்ட கேள்வி இதுதான்: "நல்லா பொழங்கின கையி சாமி, புடியே தேஞ்சு கீது. அந்தத் தோட்டக்காரரு இன்னும் கீறாரா?"

வாயைத் திறந்தேன். இருந்தார், போய்விட்டார், காலமாகிவிட்டார். எல்லாம் பிழையில்லாத தமிழ்தான். முப்பது வருஷம் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

"கீறாருப்பா" என்றேன்.